தராசுக்குத் தெரியாத நஞ்சு

1986 ஆகஸ்டில் அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் ஜெனீவா ஸ்டீல் என்ற எஃகு ஆலை மூடப்பட்டது. மூடியது மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் அல்ல, தொழிலாளர் தகராறு. ஓராண்டுக்கு மேல் பூட்டிக் கிடந்து, 1987 செப்டம்பரில் புதிய முதலாளியின் கையில் ஆலை மறுபடி ஓடத் தொடங்கியது. அது மார்மன் சமயத்தார் பெருவாரியாக வாழும் வட்டாரம் என்பதால் சிகரெட் பிடிப்பவர்கள் குறைவு. எனவே நோய்க்குப் புகைப்பழக்கத்தைக் காரணம் காட்டி யாரும் தப்பிக்க முடியாது. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆசிரியராக இருந்த ஆர்டன் போப், மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். மூச்சுக்குழல் அழற்சி, ஆஸ்துமா என்று சேர்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை, ஆலை மூடியிருந்த குளிர்காலத்தைவிட ஆலை ஓடிய குளிர்காலங்களில் இரண்டு மூன்று மடங்கு இருந்தது. இந்த ஆய்வு 1989இல் வெளியானது.

அதோடு நின்றிருந்தால் காற்று மாசு பற்றிய நூறு புள்ளிவிவரங்களோடு நூற்றியொன்றாக இதுவும் போயிருக்கும். ஆனால் காற்றிலிருந்து தூசைப் பிடித்துவைத்த வடிதாள்கள் பத்திரமாக இருந்தன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் ஆண்ட்ரூ கியோவும் ராபர்ட் டெவ்லினும் ஆலை மூடுவதற்கு முந்தைய ஆண்டு, மூடியிருந்த ஆண்டு, திறந்ததற்குப் பிந்தைய ஆண்டு என மூன்று ஆண்டுத் தாள்களை எடுத்து, நீரில் கரைவதைச் சாறாகப் பிரித்தார்கள். அதில் 500 மைக்ரோகிராம் அளவை உடல்நலமுள்ள தன்னார்வலர்களின் நுரையீரலுக்குள் குழாய் வழியே விட்டார்கள். ஒரு நாள் கழித்து அந்த இடத்தைக் கழுவி எடுத்துப் பார்த்தபோது, ஆலை ஓடிய ஆண்டுகளின் சாறு பட்ட இடத்தில் அழற்சி தெரிந்தது. மூடியிருந்த ஆண்டின் சாறு பட்ட இடத்தில் அது மிகக் குறைவு. உள்ளே போன எடை ஒன்றேதான். ஆலை ஓடிய காலத்துச் சாற்றில் செம்பு, இரும்பு, துத்தநாகம் ஆகிய உலோகங்கள் கூடுதலாக இருந்தன. இன்று இப்படி ஒரு சோதனைக்கு அனுமதி கேட்டால் எந்த நெறிமுறைக் குழு கையெழுத்துப் போடும் என்று தெரியவில்லை. ஆனால் 2001இல் வெளியான அந்த முடிவுக்குப் பிறகு ‘தூசு என்றால் தூசுதான்’ என்று சொல்வது கடினமாகிவிட்டது.

சட்டம் மட்டும் இன்னும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான குறுக்களவும் கொண்ட நுண்துகள்களை, அதாவது பி.எம். 2.5ஐ, ஒரு கனமீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்று எடைபோடுவதுதான் உலகமெங்கும் நடைமுறை. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுச் சராசரிக்கு 2005இல் 10 என்று வைத்திருந்த வழிகாட்டு அளவை 2021இல் 5 ஆக்கியது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுத் தர வரம்பு 40. இந்தக் கணக்கில் ஒரு மைக்ரோகிராம் கடலுப்பும் ஒரு மைக்ரோகிராம் டீசல் கரியும் சமம். நுரையீரல் அப்படிச் சமமாகப் பார்ப்பதில்லை. ஏன் என்ற கேள்விக்குக் கடந்த முப்பது ஆண்டுகளில் கிடைத்த பதில்களில் வலுவானது, நாம் உயிர்வாழ எதைச் சுவாசிக்கிறோமோ அந்த ஆக்சிஜனையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது.

ஆக்சிஜன் மூலக்கூறு சாதாரண நிலையில் சாதுவானது. அதற்கு ஒரு எலக்ட்ரான் கூடுதலாகக் கிடைத்தால் சூப்பர் ஆக்சைடு ஆகிறது. இன்னும் ஒன்று கிடைத்து ஹைட்ரஜனும் சேர்ந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு. அது உடைந்தால் பிறப்பது ஹைட்ராக்சில் தனி உறுப்பு. இவற்றையெல்லாம் சேர்த்து வினைமிகு ஆக்சிஜன் வகைகள் என்கிறார்கள். மூன்றில் கடைசியானதுதான் மோசமானது. அதன் ஆயுள் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் பக்கத்தில் எது இருக்கிறதோ அதைத் தாக்கிவிடும். செல் சவ்வின் கொழுப்போ, புரதமோ, டிஎன்ஏவோ, அதற்குப் பேதமில்லை.

இந்த வகைகள் வெளியிலிருந்து வரும் எதிரிகள் மட்டுமல்ல. நம் செல்களின் மைட்டோகாண்ட்ரியா மூச்சுக்கு மூச்சு இவற்றைக் கொஞ்சம் கசியவிடுகிறது. கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் அதைக் கொல்ல இவற்றைத்தான் வேண்டுமென்றே தயாரிக்கின்றன. செல்களுக்கிடையே தகவல் சொல்லவும் இவை உதவுகின்றன. சூப்பர் ஆக்சைடை அடக்கும் நொதி நம் உடம்பிலேயே இருப்பதை 1969இல் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் கண்டுபிடித்தார்கள். உற்பத்தியும் அடக்கலும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்கும்வரை தொல்லை இல்லை. ஈடு குலைவதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம்.

நுண்துகள் அந்த ஈட்டை எப்படிக் குலைக்கிறது? முக்கியமாக இரண்டு வழிகள். முதலாவது உலோகம். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஹென்றி ஃபென்டன் 1894இல் எழுதிய ஒரு கட்டுரையில், இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் டார்டாரிக் அமிலம் எவ்வளவு வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது என்று காட்டினார். நுரையீரலை அவர் நினைத்திருக்க மாட்டார். காற்றோடு உள்ளே போகும் இரும்பு, செம்பு அணுக்கள் செய்வதும் ஏறக்குறைய அதே வினைதான். பெராக்சைடை உடைத்து ஹைட்ராக்சிலை உண்டாக்கிவிட்டு, மறுபடி பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடுகின்றன.

இரண்டாவது வழி குயினோன்கள். டீசல், விறகு, குப்பை என எதுவும் அரைகுறையாக எரியும்போது பிறக்கும் கரிமச் சேர்மங்களில் ஒரு வகை இவை. குயினோன் ஒரு தரகர். செல்லிடமிருந்து ஒரு எலக்ட்ரானை வாங்கி ஆக்சிஜனிடம் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த எலக்ட்ரானுக்கு வந்து நிற்கும். ஒரே மூலக்கூறு இப்படிப் பலமுறை சுற்றும், தான் செலவாகாது. உலோகமும் குயினோனும் சொற்ப எடையில் பெரிய சேதம் செய்வதன் ரகசியம் இதுதான். எடைபோட்டால் துகளில் இவற்றின் பங்கு பெரும்பாலும் சிறிது, வேலையில் பெரிது.

இந்த வினைகள் நடக்கும் இடம் நுரையீரலின் உள்பரப்பில் படர்ந்திருக்கும் மெல்லிய திரவப் படலம். அதில் வைட்டமின் சி, யூரிக் அமிலம், குளுட்டாதயோன் முதலியவை காவலுக்கு நிற்கின்றன. வந்த துகளோடு முதலில் மோதுவதும், மோதித் தீர்ந்துபோவதும் இவைதான். துகளை விழுங்க வரும் பெருவிழுங்கிச் செல்கள், அதைச் செரிக்க முடியாமல் இன்னும் அதிக சூப்பர் ஆக்சைடை வெளியிடும். லாஸ் ஏஞ்சலிஸின் ஆந்த்ரே நெல் 2005 வாக்கில் விளக்கிய மாதிரியின்படி இதற்குப் படிநிலைகள் உண்டு. அழுத்தம் குறைவாக இருக்கும்போது செல் தன் பாதுகாப்பு நொதிகளைக் கூடுதலாகத் தயாரித்துக்கொள்ளும். அது போதாதபோது அழற்சிக்கான கட்டளைகள் கிளம்பும். அதையும் மீறினால் மைட்டோகாண்ட்ரியா சிதைந்து செல் சாகும்.

அழற்சி நுரையீரலோடு நிற்பதில்லை என்பதுதான் இந்தக் கதையில் பலரும் எதிர்பாராத பகுதி. மாசுத் துகளால் நேரும் மரணங்களில் பெரும்பங்கு மாரடைப்பும் பக்கவாதமும். எடின்பரோவைச் சேர்ந்த நிக்கலஸ் மில்ஸும் குழுவினரும் ஏற்கெனவே மாரடைப்பு வந்து தேறிய 20 ஆண்களை ஒரு மணி நேரம் நீர்த்த டீசல் புகையில் இருக்கச் செய்து, இடையிடையே சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். துகள் அளவு கனமீட்டருக்கு 300 மைக்ரோகிராம். தீபாவளி இரவுகளிலும் டெல்லிக் குளிர்காலத்திலும் நமக்குப் பழகிப்போன எண்தான். அவர்களின் இசிஜியில் இதயத் தசைக்கு ரத்தம் பற்றாமல் போனதற்கான குறி, சுத்தமான காற்றில் மிதித்தபோது இருந்ததைவிட ஆழமாகத் தெரிந்தது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் புரதத்தின் சுரப்பும் குறைந்தது. 2007இல் வெளியான ஆய்வு இது. அதே நகரத்து ஆய்வாளர்கள் பின்னர் தன்னார்வலர்களை மிகநுண் தங்கத் துகள்களைச் சுவாசிக்க வைத்தபோது, அந்தத் தங்கம் ரத்தத்திலும், மூன்று மாதம் கழித்துச் சிறுநீரிலும் இருந்தது. அதாவது துகளே நேராக ரத்தத்துக்குள் போகிறது என்பதும் ஒரு பாதை.

சரி, ஆக்சிஜனேற்றும் இந்தத் திறனை அளக்க முடியுமா? முடியும், பல விதமாக முடியும் என்பதுதான் சிக்கல். ஆர்தர் சோவும் சக ஆய்வாளர்களும் பரவலாக்கிய முறையில் டைதயோத்ரெய்டால் என்ற வேதிப்பொருளைத் துகள் சாற்றோடு கலந்து, அது எவ்வளவு வேகமாகச் செலவாகிறது என்று பார்ப்பார்கள். செல்லுக்குள் எலக்ட்ரான் கொடுக்கும் மூலக்கூறுக்கு அது ஒரு பதிலி. இன்னொரு முறையில் வைட்டமின் சி எவ்வளவு கரைகிறது என்று பார்ப்பார்கள். லண்டனில் ஃபிராங்க் கெல்லி, இயான் முட்வே ஆகியோர் நுரையீரல் திரவத்தைப் போலவே ஒரு கலவை தயாரித்து அதில் சோதித்தார்கள். வைட்டமின் சி முறை உலோகங்களுக்கு, குறிப்பாகச் செம்புக்கு, அதிகம் மசியும். டைதயோத்ரெய்டால் கரிமப் பொருளையும் நன்றாகப் பிடிக்கும். ஆக, ஒரே வடிதாளுக்கு இரண்டு சோதனை இரண்டு பதில் சொல்லும். அண்மையில் 20 ஆய்வகங்கள் ஒரே மாதிரியை வாங்கித் தனித்தனியே அளந்து ஒப்பிட்டுப் பார்த்தன. விளைவுகளை ஒரே கோட்டில் கொண்டுவர இன்னும் நிறைய வேலை பாக்கி.

அளவீடு சண்டைக்கு இடம் கொடுத்தாலும், எந்தத் துகள் ஆபத்து என்பதில் படம் ஓரளவு தெளிந்துவருகிறது. ஐரோப்பா முழுவதையும் வைத்து 2020இல் ‘நேச்சர்’ இதழில் காஸ்பர் டெலன்பாக்கும் குழுவினரும் எழுதியதை இந்தத் துறையின் திருப்பம் என்பேன். எடையைப் பார்த்தால் அங்கே முன்னணியில் இருப்பவை அம்மோனியம் உப்புகள், மண் தூசு, மரங்கள் விடும் ஆவியிலிருந்து பிறக்கும் துகள்கள். ஆக்சிஜனேற்றும் திறனைப் பார்த்தால் பட்டியல் தலைகீழ். வீட்டு அடுப்பில் எரியும் விறகின் புகையிலிருந்து வானில் உருவாகும் கரிமத் துகள்களும், வாகனங்களின் பிரேக் தேய்வதால் வரும் உலோகமும் மேலே வந்துவிடுகின்றன. எடையைக் குறைக்கும் திட்டமும் நஞ்சைக் குறைக்கும் திட்டமும் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை என்று அர்த்தம்.

நம் பக்கத்துச் சான்று 2024இல் வந்தது. ஜோத்பூர் ஐஐடியின் தீபிகா பட்டு, கான்பூர் ஐஐடியின் சச்சிதானந்த் திரிபாதி உள்ளிட்ட குழு டெல்லியிலும் அதைச் சுற்றிலும் ஐந்து இடங்களில் துகள்களைச் சேகரித்தது. டெல்லிக்குள் அம்மோனியம் குளோரைடும் வாகன, வீட்டுப் புகையின் கரிமப் பொருளும். வெளியே சல்பேட்டும் நைட்ரேட்டும் பயிர்க்கழிவு, விறகுப் புகையிலிருந்து பிறந்தவையும். எடையின் கலவை இப்படி இடத்துக்கு இடம் மாறினாலும், ஆக்சிஜனேற்றும் திறனை எங்கும் தீர்மானித்தது ஒன்றுதான்: உள்ளூரிலேயே அரைகுறையாக எரியும் எரிபொருள். வைக்கோல், வறட்டி, விறகு, குப்பை, பராமரிப்பில்லாத இன்ஜின். நவம்பர் மாதத்தில் எரியும் பஞ்சாப் வயல்களை மட்டும் தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டிருக்கும் நமக்கு இது கொஞ்சம் சங்கடமான முடிவு. நம் போகிப் பண்டிகை விடிகாலையில் எரியும் பழைய டயரும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டைதயோத்ரெய்டால் சோதனையில் அம்மோனியம் சல்பேட் ஏறக்குறைய நிரபராதி. அதை வைத்துக்கொண்டு ‘நிலக்கரி மின்நிலையத்தின் கந்தகம் பெரிய கேடு இல்லை’ என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. அட்லாண்டாவில் டிங் ஃபாங், ராட்னி வெபர் முதலானோர் 2017இல் காட்டியது போல, சல்பேட் துகளை அமிலமாக்குகிறது; அமிலம் கரையாமல் கிடந்த இரும்பையும் செம்பையும் கரைத்துவிடுகிறது; கரைந்த உலோகம்தான் வினைபுரிகிறது. தானே குத்தாமல் கத்தியைத் தீட்டிக் கொடுத்தவரைக் குற்றமற்றவர் என்று விடுவது நியாயமாகாது. 2025 ஜூலையில் இந்திய அரசு நாட்டின் நிலக்கரி மின் அலகுகளில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டவற்றுக்குக் கந்தக வடிகட்டி பொருத்துவதிலிருந்து விலக்கு அளித்தபோது, இந்த வேதியியல் போதிய அளவு பேசப்படவில்லை.

ஆய்வகத்தில் வினை நடக்கிறது என்பது ஒன்று. அந்த அளவீடு மருத்துவமனைக் கூட்டத்தை முன்கூட்டிச் சொல்கிறதா என்பது வேறு. அட்லாண்டாவில் 2015இல் வெளியான ஓர் ஆய்வு, துகளின் டைதயோத்ரெய்டால் அளவு கூடிய நாட்களையொட்டி ஆஸ்துமாவுக்கும் இதயச் செயலிழப்புக்கும் அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் கூடினார்கள் என்றும், வெறும் எடையோடு அப்படித் தொடர்பு தெரியவில்லை என்றும் கண்டது. நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் எல்லா ஊரிலும் இது இவ்வளவு அழகாக அமையவில்லை. சில ஆய்வுகளில் எடையே நன்றாகக் கணித்தது. எடைக்குப் பின்னால் அரை நூற்றாண்டுத் தரவு இருக்கிறது. 1993இல் வெளியான ஹார்வர்டின் ஆறு நகர ஆய்வில், மாசு மிகுந்த ஸ்டூபன்வில் நகரில் மரண விகிதம் மாசு குறைந்த போர்ட்டேஜ் நகரைவிட 26 சதவீதம் அதிகம் என்று காட்டியதும் எடைதான். புது அளவுகோலுக்கு இன்னும் அந்த வயது வரவில்லை.

ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனத்தின் கணக்கீடுகள் விவாதத்தை இன்னும் கூர்மையாக்கியிருக்கின்றன. நுரையீரல் திரவத்தில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் பெரும்பகுதி உடம்பே தயாரிப்பது. துகள் கூடுதலாக உண்டாக்குவது அதன் முன் சிறிது என்று ஒரு கட்டுரை சொல்லிற்று. அப்படியென்றால் ‘துகள் வினைமிகு ஆக்சிஜனைப் பிறப்பிக்கிறது’ என்ற கோட்பாடே ஆட்டம் காணுமா? அவர்களின் இன்னொரு கணக்கு வேறொரு கோணத்தைக் காட்டுகிறது. முக்கியம் பெராக்சைடு எவ்வளவு இருக்கிறது என்பதல்ல, அதில் எவ்வளவு ஹைட்ராக்சிலாக மாறுகிறது என்பது. துகள் 10 மைக்ரோகிராமுக்குக் கீழே இருக்கும்போது மாறுவது நான்கு சதவீதத்துக்கும் குறைவு. மீதியைக் காவலர்கள் தடுத்துவிடுகிறார்கள். அதற்கு மேல் போனால் துகளின் உலோகம் காவலை மீறி, ஹைட்ராக்சில் உற்பத்தி விறுவிறுவென்று ஏறுகிறது. இது கணினி மாதிரி. பாதுகாப்பு எல்லைக்கோடாக இதைப் படிக்கக் கூடாது. அமெரிக்காவில் மெடிக்கேர் காப்பீட்டில் இருந்த ஆறு கோடி முதியோரை வைத்து 2017இல் வந்த ஆய்வில், 12 மைக்ரோகிராமுக்குக் கீழேயும் மரணத்தோடு தொடர்பு தொடர்ந்தது.

அந்த மாதிரியை மனத்தில் வைத்துக்கொண்டு நமக்கு நெருக்கமான ஒரு சோதனையைப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களோடு குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளிலும் நடந்தது. இங்கே சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையேற்றார். விறகடுப்பில் சமைத்த 3,200 கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகத் தந்தார்கள். அவர்கள் சுவாசித்த நுண்துகளின் இடைநிலை அளவு 24 மைக்ரோகிராமுக்கு இறங்கியது. விறகடுப்புக்காரர்களுக்கு அது 71ஐ ஒட்டி இருந்தது. 2022இல் வந்த முடிவில் குழந்தைகளின் பிறப்பு எடையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. துறையையே திகைக்கவைத்த முடிவு அது. எரிவாயு அடுப்பு வீண் என்று சிலர் எழுதிவிட்டார்கள். 24 என்பது குறைவுதான். ஆனால் மைன்ஸ் கணக்கின் 10ஐ அது எட்டவே இல்லை. கர்ப்பம் தொடங்கிப் பல வாரம் கழித்துத்தான் அடுப்பும் வந்தது. தெருப்புகை எப்போதும் போல. இதுவே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒரு வீட்டு அடுப்பை மட்டும் மாற்றிவிட்டு ஊர்க் காற்றை அப்படியே விட்டால் போதாது என்று சந்தேகப்பட இடம் இருக்கிறது.

இவ்வளவையும் படிப்பவருக்கு ‘எதிர்-ஆக்சிஜனேற்றி மாத்திரை போட்டுக்கொண்டால் ஆயிற்றே’ என்று தோன்றும். மருந்துக்கடைக் கண்ணாடி அலமாரியும் அதைத்தான் சொல்கிறது. மெக்சிகோ நகரில் ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு வைட்டமின் சி, ஈ கொடுத்துப் பார்த்ததில், ஓசோனால் சுவாசம் குன்றுவது நோய் தீவிரமாக இருந்தவர்களுக்குக் குறைந்தது உண்மை. ஆனால் பின்லாந்தில் 29,133 புகைப்பிடிக்கும் ஆண்களை வைத்து நடந்த சோதனையில், பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. அது 1994. அதன் பிறகும் அந்த அலமாரி காலியாகவில்லை. நெல்லிக்காயும் கொய்யாவும் தின்னுங்கள், நல்லதுதான். புகைக்கு மருந்தாக அல்ல.

கொள்கையின் பக்கம் வந்தால், 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் நகரங்களுக்குப் பணம் கொடுப்பது பி.எம். 10 என்ற பருமனான தூசின் எடை எவ்வளவு குறைந்தது என்று பார்த்து. எடையைக் குறைக்க எளிய வழி சாலைத் தூசைக் கூட்டி அள்ளுவது. அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024இல் கணக்குப் பார்த்தபோது, செலவான நிதியில் 64 சதவீதம் சாலைத் தூசுக்கே போயிருந்தது. தொழிற்சாலை மாசுக்கு ஒரு சதவீதம்கூட இல்லை. நகராட்சிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. எதற்கு மதிப்பெண் போடுகிறோமோ அதைத்தான் அவர்கள் படிப்பார்கள். சாலைத் தூசில் பிரேக் உதிர்த்த செம்பும் கலந்திருப்பதால், கூட்டுவது முழு வீண் என்றும் சொல்லிவிட முடியாது. பிரேக் கட்டையிலேயே செம்பைக் குறைத்தால் கூட்டவேண்டிய நிலையே குறையும். கலிஃபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் அதற்கு 2010இலேயே சட்டம் போட்டன. மனிதரின் நுரையீரலுக்காக அல்ல, ஆற்று மீனுக்காக. எலெக்ட்ரிக் வண்டிக்கும் பிரேக் உண்டு என்பதால், ஐரோப்பாவின் ‘யூரோ 7’ விதிகள் முதன்முறையாகப் பிரேக் துகளுக்கும் வரம்பு வைக்கின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுக் காற்றுத் தர ஆணை, சிறப்புக் கண்காணிப்புத் தளங்களில் அளக்கப் பரிந்துரைக்கும் பட்டியலில் ஆக்சிஜனேற்றும் திறனையும் சேர்த்திருக்கிறது. வரம்பு எதுவும் வைக்கவில்லை; ஆய்வகங்கள் ஒத்துப்போகாத நிலையில் அது சரியே. எடையைக் கைவிட்டு இதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று இப்போது யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இந்தியாவின் தேசியக் காற்றுக் கண்காணிப்புத் திட்டத்தில் வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள் என்று கையால் இயக்கும் நிலையங்களில் வடிதாள் மாட்டி எடுக்கிறார்கள். அதை எடைபோட்ட பிறகு ஒரு துண்டை வெட்டி, டைதயோத்ரெய்டாலிலும் வைட்டமின் சியிலும் சோதித்து, எடைக்குப் பக்கத்தில் இரண்டாவது எண்ணாக வெளியிடுவதற்குப் புதிய நிலையங்கள் தேவையில்லை. சோதனைக்குத் தேவையான ஒளி அளவி பல கல்லூரி ஆய்வகங்களில் உண்டு. ஐந்தாறு நகரங்களில் இரண்டு மூன்று ஆண்டுக்கு அந்த இரு எண்களும் சேர்ந்து வந்தாலே, துடைப்ப வண்டிக்குப் போகும் பணத்தில் எவ்வளவு குப்பை எரிப்பைத் தடுக்கவும், விறகடுப்பை மாற்றவும், பழைய லாரியைச் சாலையிலிருந்து எடுக்கவும் போகவேண்டும் என்று நிதிக்குழுவிடம் எண்ணோடு வாதிட முடியும்.